வெளிப்பக்கத்துக் கயிறு

புல்வெளியில் மூன்று நாள் தங்குவதற்குக்கூட இந்தக் காலத்து ஆட்களுக்கு அறுபது கேள்வி கேட்டாக வேண்டும். சொலாங்கோ என்ற அந்த நகரத்துப் பெண் பனி உருகுவதற்கு முன்பே தொடங்கிவிட்டாள். கூடாரத்துக்குப் பூட்டு உண்டா? குதிரை கடிக்குமா? கழிப்பறைக்கு எத்தனை அடி நடக்க வேண்டும்? பதில் அனுப்ப லோதோயின் மகள் உயாங்கா ஒவ்வொரு முறையும் கைபேசியோடு குன்றின் உச்சிக்கு ஏறி இறங்கினாள்.

"வானம் எத்தன அகலம்னு கேக்கலியா?" என்றார் லோதோய்.

"இல்லப்பா. நட்சத்திரம் எத்தன மணிக்கு வரும்னு கேட்டா."

கேட்காமல் வருகிறவர்கள்தான் மனிதர்கள் என்பது அவர் எண்ணம். தூரத்திலேயே "நாயப் பிடிங்க!" என்று ஒரு சத்தம் போடு, உள்ளே வா, கொடுத்ததைத் தின்று, இடம் கிடைத்த பக்கம் படு. அவ்வளவுதானே? கேள்வி கேட்கிறவனுக்கு ஏதோ உள்நோக்கம் இருக்கிறது.

கடைசிக் கேள்வியை மட்டும் உயாங்கா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாசித்தாள். "அடுப்புப் புகையால ஆபத்து ஒண்ணும் இல்லையேன்னு கேக்குறாப்பா."

"புதுக் குழாய் போட்டாச்சுன்னு எழுது."

விருந்தாளிகளுக்கு வேறு கூடாரம் வாங்கலாம் என்றாள் மகள். அவர் கேட்கவில்லை. இரண்டு குளிர்காலமாய் வண்டியில் சுருட்டிக் கிடந்த மகனுடைய கல்யாணக் கூடாரத்தை அவரே பிரித்தார். கம்பளிக்குள்ளிருந்து பழைய வறட்டிப் புகையும் பால் கொதித்து வழிந்த வாடையும் எழுந்தன. அதை முன்பு நின்ற அதே வட்டத் தடத்திலேயே நாட்டினார். சாவு விழுந்த வட்டத்தில் அந்தப் பக்கத்தில் எவனும் கூடாரம் போடமாட்டான். புல் மறுபடி மூடும்வரை மந்தையைக்கூட விலக்கித்தான் ஓட்டுவான். "மண்ணு என்ன பண்ணுச்சு? கம்பளி என்ன பண்ணுச்சு?" என்றார் லோதோய்.

விருந்தாளிகள் ஒரு மாலையில் வந்தார்கள். சொலாங்கோ, அவள் கணவன் தெம்பெரல், ஐந்து வயதுப் பெண் குழந்தை. உப்புத் தேநீரைக் குடிப்பதற்கு முன் படம் எடுத்தார்கள்.

மறுநாள் வெயில் ஏறியும் அவர்கள் எழவில்லை. பெண்குதிரைகளைக் கறந்துவிட்டு வந்த லோதோய் நின்றார். கூரை நடுவிலிருக்கும் புகைவாய் மூடியிருந்தது. இரவில் அவர்தான் திறந்து வைத்திருந்தார். கம்பளி மூடி இழுபட்டுக் கிடக்க, அதன் கயிறு மேற்குப் பக்கமாய் இறங்கிச் சுவர் வாரில் கட்டப்பட்டிருந்தது. அந்தக் கயிறு வெளிப்பக்கம்தான் இருக்கும். உள்ளே இருப்பவனுக்கு எட்டாது.

தெம்பெரல் தலையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். "ஐயா, ராத்திரி கூரைய ஏன் மூடினீங்க? தல வெடிக்குது."

"நான் எங்க மூடினேன்? நீதான் ஏதாவது நோண்டியிருப்ப."

"நீங்க சுத்தி நடந்தது கேட்டுச்சே. உங்க இருமல்கூடக் கேட்டுச்சு."

"ஊர்ல காத்தே அடிக்காதா உங்களுக்கு? காத்து இருமும்."

அவன் போன பிறகு முடிச்சைப் பார்த்தார். இளவயதில் குதிரை பிடிக்கும் கயிறு அவருடைய வலது சுட்டுவிரலைக் கொண்டுபோயிருந்தது. அன்றிலிருந்து அவர் போடும் முடிச்சு இடப்பக்கமாய்த் திரும்பும். அப்படி முடிச்சுப் போடுகிறவன் அந்தப் பள்ளத்தாக்கில் வேறு யாரும் இல்லை.

இந்த முடிச்சு இடப்பக்கம் திரும்பியிருந்தது.

அவிழ்த்தார். மூடியைப் பின்னுக்குத் தள்ளினார். கயிற்றையும் அறுத்தெடுத்துத் தன் கூடாரத்து அடுப்பில் போட்டார். குதிரைமயிர்க் கயிறு சுருண்டு நாறி எரிந்தது. கடைசி இழை கரியாகும்வரை உட்கார்ந்து பார்த்தார். காற்று கட்டியதை நெருப்பு தின்றது, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டார்.

மத்தியானம் மழை தூறியது. குளிர் வந்ததும் சொலாங்கோ அடுப்பை மூட்டிக் குழந்தையைத் தூங்கப் போட்டுவிட்டு, ஆற்றங்கரையில் கணவனோடு படம் எடுக்கப் போனாள். லோதோய் சேணத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். மழைச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம். ஈரக் கம்பளி மரத்தின்மேல் இழுபடும் சத்தம். மெதுவாக. நின்று. மறுபடி.

அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பனிநாள். "அப்பா, அடுப்புக் குழாய் விரிஞ்சிருக்கு, புதுசு வர்ற வரைக்கும் மேல திறந்தே வைக்கணும்" என்று மகன் சொன்னான். பாதிதான் காதில் வாங்கினார். பாட்டன் காலத்தில் குழாயே கிடையாது என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். இருட்டுகிற நேரம் ஆடுகளை அடைத்துவிட்டு வரும்போது, திறந்த புகைவாய்க்குள் பனி கொட்டுவதைக் கண்டார். பேரன் படுக்கை அதற்குக் கீழேதான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கூரை மூடக்கூடத் தெரியவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே கயிற்றை இழுத்தார். கட்டினார். பேரன் கதகதப்பாய்த் தூங்குவான் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே போய்ப் படுத்தார்.

காலையில் மகன், மருமகள், பேரன் மூன்று பேரையும் வாசல் வழியாக எடுக்கவில்லை. வழக்கப்படி சுவரைத் தூக்கி அதன் அடியால் எடுத்தார்கள். செத்தவர்கள் பெயரை அதன்பின் யாரும் சொல்லக்கூடாது. பெயர் சொல்லாதது அவருக்கு வசதியாக இருந்தது. அதோடு எதையுமே சொல்லாமல் இருந்துவிட்டார்.

ஆற்றிலிருந்து திரும்பிய சொலாங்கோவின் அலறல் பள்ளத்தாக்கு முழுவதும் கேட்டிருக்கும். குழந்தையை வெளியே தூக்கி வந்திருந்தாள். உதடு வெளுத்துப் போயிருந்தது. தெம்பெரல் முதுகைத் தட்டத் தட்டக் குழந்தை வாந்தி எடுத்தது, மூச்சு வாங்கியது, பிறகு அழுதது. அழுகை கேட்டதும்தான் லோதோய் சேணத்தைக் கீழே வைத்தார். நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். மூடியிருந்தது. கயிறு இல்லாமலே.

கால்மணி நேரத்தில் வண்டியில் மூட்டை ஏறிவிட்டது. "இந்தப் பக்கம் தல வச்சுக்கூடப் படுக்க மாட்டோம்" என்றான் தெம்பெரல். ஆற்றைக் கடக்க ஆழமில்லாத இடத்தைக் காட்டவும், மருத்துவரிடம் கூட்டிப்போகவும் உயாங்காவும் கிளம்பினாள். ஏறுவதற்கு முன் அவரிடம் வந்தாள்.

"அப்பா. அன்னிக்கு அந்தக் கயித்த யாரு கட்டினது?"

"உங்கண்ணன்தான். வேற யாரு?"

"அண்ணன் பூட்ஸ் அடுப்போரமா காஞ்சு கெடந்துச்சு. வெளிய அவ்வளவு பனி. அவர் வெளிய வரவே இல்லப்பா."

லோதோய் சேணத்தைத் துடைத்தார்.

"முடிச்ச நான்தான் அவுத்தேன். எந்தப் பக்கம் திரும்பியிருந்துச்சுன்னு எனக்குத் தெரியும்." அவள் சேணத்தின் மேல் கை வைத்தாள். "ரெண்டு வருஷமா நீங்களே சொல்லுவீங்கன்னு காத்துக்கிட்டிருக்கேன். திட்ட மாட்டேம்பா. ஒரு வார்த்த. உங்க பேச்ச நான் மறுபடி நம்பணும், அதுக்குத்தான்."

சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது.

"கன்னுக்குட்டியக் கட்டணும்" என்றார்.

அவள் கண்ணைத் துடைத்தாள். வண்டி கிளம்பியபோது, புறப்படுகிறவர்களுக்குப் பின்னால் தெளிக்கும் பாலை அவர் கரண்டியில் எடுத்துத் தெளித்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கோடைகால வெளிச்சம் லேசில் சாகாது. மழை விட்டு, புல் முழுவதும் மஞ்சளாய், ஒவ்வொரு கல்லும் தன் நிழலோடு தெளிவாய்த் தெரிந்தது. கூடாரத்தைப் பிரித்துச் சுருட்டிவிடலாம் என்று நடந்தார். மூடியை ஒரு கழியால் தள்ளித் திறந்தார். அப்போதுதான் புகை வந்தது. புதுக் குழாய் வாயிலிருந்து அல்ல. உள்ளிருந்து, திறந்த புகைவாய் வழியாக, விரிந்த குழாய் விடுகிற மாதிரி.

அடுப்பைச் சொலாங்கோ அணைத்துவிட்டுத்தான் போனாள். அவர் பார்த்திருந்தார்.

உள்ளே கிண்ணம் வைக்கும் ஓசை. மருமகள் கிண்ணம் வைத்தால் இரண்டு முறை தட்டும்.

இரண்டு முறை தட்டியது.

பால் கொதித்து வழியும் வாடை. ஆண்குரல் ஒன்று, தூக்கக் கலக்கத்தில், "அப்பா, மேல திறந்தே இருக்கட்டும்."

அவர் வாசல் முன்னால் நின்றார். கையை நீட்டினால் கதவு. தள்ளினால் திறக்கும். திறந்தால் அவர்கள் அங்கே இருப்பார்கள். இருந்தால், செய்தது அவர்தான்.

கதவில் தட்டும் சத்தம். முழங்கால் உயரத்தில்.

"தாத்தா."

"காத்து" என்றார் லோதோய்.

"தாத்தா, குளிரல தாத்தா."

"காத்துதான்."

திரும்பினார். குதிரைகள் நின்ற பக்கம் நடந்தார். வலது உள்ளங்கையில், நான்கு விரலுக்கு நடுவே, ஏதோ சுருக்கென்று குத்தியது. குதிரைமயிர் குத்துவதுபோல. அவர் குனிந்து பார்க்கவில்லை. அதை எரித்தாயிற்று. எரிந்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர். இல்லாத கயிறு எப்படிக் கையில் இருக்கும்?

நடந்தார்.

கை பின்னால் இழுபட்டது. அவர் தோளைக் கொடுத்து இழுத்தார். கனமாய் இருந்தது. ஈரக் கம்பளியின் கனம்.

பின்னால் புகைவாய் மரத்தின்மேல் கம்பளி மூடி இழுபட்டது. மெதுவாக. நின்று. மறுபடி.

தட்டும் சத்தம் கீழே இறங்கியது. கணுக்கால் உயரத்தில். பிறகு தரையோடு.

"உள்ள யாரும் இல்ல" என்றார். கண்ணீர் தாடிக்குள் இறங்கியது. அதையும் அவர் நம்பவில்லை.

ஒரு எட்டு வைத்தார். கயிறு நெகிழ்ந்து கொடுத்தது. இன்னொரு எட்டு.