கலங்கிய நீரில் மூன்று நாழிகை

வெள்ளாற்றின்மீது அந்திச் செம்மை மங்கி, கீழ்வானில் முழுமதி தலைதூக்கிய அந்த ரம்மியமான வேளையில், நெடுமுடியரையரின் கோட்டை முற்றத்துக் கூத்து மேடையில் நின்ற உமைநங்கைக்கு நிலவும் கண்ணில் படவில்லை, முழவொலியும் காதில் ஏறவில்லை. அன்பு வாசகர்களே, அவளைக் கல்நெஞ்சக்காரி என்று எண்ணிவிடாதீர்கள்! அவளுடைய கணவர் கணியர் மாறனின் கண்களை மறுநாள் காலையில் பறிக்கப் போகிறார்கள். ஒரு மாதமாக அழுது தீர்த்தவளிடம் உணர்ச்சி என்று எதுவும் மிச்சமில்லை.

சென்ற பௌர்ணமியன்று, பொழுது சாய்ந்து மூன்று நாழிகை கழிந்ததும் கிரகணம் பிடிக்கும் என்று மாறன் கணித்திருந்தார். அரண்மனையில் காலம் காட்டியது நாழிகை வட்டில். அடியில் ஊசித்துளையிட்டு நீரில் மிதக்கவிடும் செப்புக் கிண்ணம்; அது ஒருமுறை நிரம்பி மூழ்கினால் ஒரு நாழிகை. அது இரண்டே முறை மூழ்கியிருக்கையில் நிலவு கறுத்துவிட்டது! அரையரின் கிரகண நீராட்டு தவறிப்போயிற்று. பழி கணியரின் தலையில் விழுந்தது.

உமைநங்கை உண்மையைச் சொல்ல ஓடினாள். கணவனுக்காக மனைவி சொல்லும் சாட்சி செல்லாது என்று சபையோர் துரத்திவிட்டனர். ஆகவே இன்று முகத்தில் அரிதாரம் பூசிக்கொண்டு கூத்தர்களோடு உள்ளே நுழைந்திருந்தாள்.

கூத்து தொடங்கியபோதே மேடையில் இரண்டு அண்டாக்களில் ஒரே அளவான வட்டில்கள் மிதந்தன. ஒன்றில் வடிகட்டிய நீர், மற்றதில் ஆற்றின் புதுவெள்ளம். வட்டில் மூழ்கும்போதெல்லாம் விதூஷகன் அதை எடுத்துக் கவிழ்த்து மீண்டும் மிதக்கவிட்டான்.

"தெளிந்த நீரில் மூன்று முடிந்தது! சேற்று நீரிலோ இரண்டுதான் ஆகியிருக்கிறது, பிரபு!" என்று அவன் கூவியதும் சபை சிரித்தது.

அரையர் சிரிக்கவில்லை. மேடையில் வேடத்தோடு நின்ற உமைநங்கையை நோக்கினார். "துளையை வண்டல் அடைத்திருக்கிறது. அப்படியானால் கணியர் பிசகவில்லை! பெண்ணே, அன்று வட்டிலுக்கு நீர் வார்த்தவர் யார்?"

"அடியாள்தான், பிரபு. வெள்ள நீரை வடிகட்டாமல் வார்த்துவிட்டேன். நான் கணியரின் மனைவி உமைநங்கை; வட்டிலுக்கு நீர் வார்ப்பது என் பொறுப்பு. அவருக்கு விதித்த தண்டனை எனக்கு உரியது."

"நடிப்பென்றால் இதுவல்லவா நடிப்பு!" என்று கூட்டம் ஆர்ப்பரித்தது.

அரையர் எழுந்து நின்றார். "மாறனை விடுவியுங்கள்" என்றார் தாழ்ந்த குரலில். சிறிது தயங்கி, "இவளைக் கட்டுங்கள்" என்றார்.

ஆரவாரம் இன்னும் ஓயவில்லை. காவலனின் கயிறு மணிக்கட்டில் இறுகியபோது உமைநங்கைக்கு வலித்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு அவளுக்கு வலி தெரிந்தது அப்போதுதான்.