வேகாத பட்டாணி

பெர்லினின் மேற்குப் பகுதிக்கு வரும் சாலைகளையெல்லாம் ரஷ்யர்கள் அடைத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. மாவு, உப்பு, நிலக்கரி எல்லாம் ஆகாய வழியாகத்தான் வந்தன. மூன்று நிமிடத்துக்கு ஒரு விமானம் நொய்க்கோல்ன் வட்டாரத்தின் கூரைகளை உரசுவது போல இறங்கும். அது போகும்வரை பேசுகிறவர்கள் வாயடைத்து நின்று, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். மின்சாரம் பகலில் இரண்டு மணி நேரம், இரவில் இரண்டு மணி நேரம். அதுவும் தெருவுக்குத் தெரு வேறு வேளை.

1948-ல் அப்படியொரு டிசம்பர் காலை எட்டரை மணிக்கு வில்மா ஹார்டன் வீட்டுக் கதவைத் தட்டிய பெண், கையில் ஒரு பானையைத் துணியில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

கதவைத் திறந்தவர் புரூனோ கால்வைட். டிராம் கண்டக்டர். ஓய்வு நாள் வந்தால் வில்மாவின் வீட்டில்தான் இருப்பார். ஹிட்லர் வந்த வருஷம் போலீஸ் வேலையைவிட்டுத் துரத்தப்பட்ட அந்தப் பழைய பெண் துப்பறிவாளருக்குத் தான்தான் வலது கை என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. வில்மா இதுவரை அதை மறுத்ததில்லை, ஒப்புக்கொண்டதும் இல்லை.

"என் பேரு எர்னா காம்ராத். உங்க தெருவுக்கு இப்பதானே கரண்ட் இருக்கு? நான் விஷயத்தைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள இது வெந்துடும்னு தூக்கிட்டு வந்துட்டேன். தப்பா நினைச்சுக்காதீங்கம்மா" என்றாள்.

"தப்பென்ன இருக்கு, அடுப்புல வை" என்றார் வில்மா. "விஷயத்தைச் சொல்லு."

எர்னாவின் கணவன் கெர்வின் 1943-ல் கைதானான். போர் தோற்றுவிட்டது என்று மாடிப்படியில் நின்று சொன்னானாம். யாரோ அதைப் போலீசுக்கு மொட்டைக் கடிதமாக எழுதிப் போட்டுவிட்டார்கள். மூன்று மாதத்தில் தலையை வெட்டினார்கள். இத்தனை வருஷம் கழித்து, இடிபாடு அள்ளும் வேலையில் எர்னாவோடு இருந்த தோழி ஒருத்தி, ஒரு பழைய போலீஸ் கட்டிடத்தின் நிலவறையில் காகிதக் கட்டு ஒன்றைக் கண்டெடுத்தாள். அதற்குள் அந்தக் கடிதம் இருந்தது. கையெழுத்து இல்லை. அச்செழுத்து மாதிரி நிறுத்தி நிறுத்தி எழுதிய நான்கு வரிகள்.

"நாளைக்குக் காலையில பழைய நாஜிகளை விசாரிக்கற குழு முன்னாடி அதைக் கொடுக்கணும். குண்டு விழுந்த காலத்துல ராக்காவல் இருந்தவங்க எல்லாரும் எழுதின நோட்டு ஒண்ணு எங்க கட்டிடத்துல இருக்கு. ரெண்டையும் வச்சுப் பார்த்தா யாருன்னு சொல்லிடுவாங்களாம். நேத்து அந்தக் கடிதம் காணாமப் போயிடுச்சு."

"எங்க வச்சிருந்தே?"

"வைக்கோல் பெட்டிக்குள்ள, வைக்கோலுக்கு அடியில."

பெர்லினில் அந்தப் பெட்டி இல்லாத சமையலறை கிடையாது. மின்சாரம் இருக்கும்போது பானையை ஒரு கொதி கொதிக்கவிட்டு, வைக்கோல் திணித்த பெட்டிக்குள் இறக்கி, மேலே தலையணையை அழுத்தி மூடிவிட்டால், மிச்சத்தை அந்தச் சூடே வேகவைத்துவிடும்.

"அங்க வச்சது யாருக்குத் தெரியும்?"

எர்னா தயங்கினாள். "மூணு பேருக்கு. ஞாயித்துக்கிழமை அவங்க முன்னாடியே படிச்சுக் காட்டிட்டு, உள்ள வச்சேன். எங்க கட்டிடத்தைப் பார்த்துக்கற லெம்கே மீட்டர் பார்க்க வந்திருந்தாரு. போர்க்காலத்துல எங்க கட்டிடத்துக்கு நாஜிக் கட்சி ஆளு அவருதான். அவரு மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பார்க்கத்தான் படிச்சேன். சுண்ணாம்பா வெளுத்துடுச்சு."

"அவ்வளவுதான், கேஸ் முடிஞ்சுது" என்று கால்வைட் தொப்பியை எடுத்தார். "எல்லா வீட்டுச் சாவியும் அந்தாள்கிட்ட இருக்கும். நான் போய் அமுக்கறேன்."

"உக்காருங்க கண்டக்டரே, இன்னும் ரெண்டு டிக்கெட் பாக்கி இருக்கு" என்றார் வில்மா. "மத்த ரெண்டு பேரு?"

"எதிர் வீட்டு தெக்லா அக்கா. கெர்வினைக் கொண்டுபோன நாள்லேருந்து என்னைத் தாங்கறவங்க. எங்க வீட்டுச் சாவி அவங்ககிட்ட ஒண்ணு இருக்கு. நேத்து அவங்க பதினொண்ணரைக்கே ரொட்டி வரிசைக்குப் போயிட்டாங்க. அப்புறம்..." விமானம் ஒன்று தலைக்கு மேல் போயிற்று. "என் தம்பி எக்கார்ட். ரஷ்யாவுல கைதியா இருந்துட்டு அக்டோபர்ல வந்தான். 43-ல லீவுல வந்து எங்ககூடத்தான் தங்கியிருந்தான். கெர்வினுக்கும் அவனுக்கும் போரைப் பத்திப் பெரிய சண்டை. நேத்து பன்னெண்டு மணிக்கு நானும் அவனும் ஒண்ணாத்தான் வீட்டைப் பூட்டிட்டுக் கிளம்பினோம். பானையை இறக்கும்போது கடிதம் அடியில இருந்தது, கைவிட்டுப் பார்த்தேன். நான் வேலைக்கு, அவன் ஆஸ்பத்திரிக்கு. மூணு மணிக்கு அவன் திரும்பிட்டான், தெக்லா அக்காதான் கதவைத் திறந்து விட்டாங்களாம். நான் வந்தது அஞ்சுக்கு. நடுவுல வீட்டுல தனியா இருந்தவன் அவன்தான்."

அவள் அழவில்லை. கைகளை மட்டும் மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"அது யாரா இருந்தாலும் சரிம்மா. அவனா இல்லையான்னு மட்டும் எனக்குத் தெரியணும். எனக்குன்னு மிச்சம் இருக்கறது அவன் ஒருத்தன்தான்."

வில்மா பானையின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். "இது நேத்துப் பட்டாணியா?"

"ஆமா. வேகவே இல்ல. வெதுவெதுன்னு, கூழாங்கல்லு மாதிரி இருந்தது. ரஷ்யாவுல பாதிப் பல்லை விட்டுட்டு வந்தவன்கிட்ட இதையா போடறேன்னு திட்டினான்."

"ஊற வைக்கலையா?"

"ராத்திரி முழுக்க ஊறினது. எப்பவும் அஞ்சு மணிக்கு வெண்ணெய் மாதிரி இருக்கும்."

வில்மா ஒரு பட்டாணியை எடுத்து முன்பல்லால் கடித்தார். டக்கென்று உடைந்தது. அடுப்பை அணைத்தார். "இனிமே இதை வேக வைக்காதே. நம்மகிட்ட இருக்கற சாட்சி இது ஒண்ணுதான்."

இந்த அம்மாவுக்குப் பசி வந்துவிட்டது, அதை மறைக்கப் பேசுகிறார் என்று கால்வைட் நினைத்துக்கொண்டார்.

பத்து மணிக்கு மூவரும் எர்னாவின் வீட்டில் இருந்தார்கள். ஒரு சமையலறை, அதை ஒட்டி ஒரு படுக்கையறை. சமையலறை பெஞ்சில் எக்கார்ட் உட்கார்ந்திருந்தான். அக்கா உள்ளே வந்ததும் எழுந்து நின்றான். எதற்கு நிற்கிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டைக் கால்வைட் கேட்டு வாங்கிப் பார்த்தார். இரண்டரை மணி முத்திரை இருந்தது. வைக்கோல் பெட்டியில் தலையணை சரியாக அழுத்திச் செருகப்பட்டிருந்ததாக எர்னா சொன்னாள். திறக்கும்வரை அவளுக்கே சந்தேகம் வரவில்லையாம்.

வில்மா படுக்கையறைக்குப் போனார். இரட்டைக் கட்டில், இரண்டு இறகு மெத்தைப் போர்வைகள். சுவரோரப் போர்வையைத் தூக்கினார். விரிப்பின் நடுவில், கரிபிடித்த பானை அடி அளவுக்கு ஒரு வட்டக் கறை இருந்தது.

"இது உன் வழக்கமா எர்னா? பானையைப் படுக்கையில வைக்கறது?"

எர்னா அருகே வந்து பார்த்தாள். முகம் மாறிவிட்டது. "அது கெர்வின் பக்கம். அங்க நான் கையே வைக்கறதில்ல. பெட்டியிலேருந்து வெளியில எடுத்தா பேப்பர்லதான் சுத்துவேன்."

"நல்லது. இதைப் பத்தி யார்கிட்டயும் மூச்சு விடாதே. கண்டக்டரே, லெம்கேயையும் தெக்லாவையும் பன்னெண்டு அடிக்கும்போது இங்க கூட்டிட்டு வாங்க. அதுக்கு முன்னாடி லெம்கே மத்தியானம் எங்க சாப்பிடறார்னு விசாரிச்சுட்டு வாங்க."

"கேன்டீன்லதான்" என்று திரும்பி வந்து சொன்னார் கால்வைட். "அந்தாளுக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாதாம். மாடியில எல்லாரும் சிரிக்கறாங்க. ஆனா மேடம், கடிதம் திருடறதுக்குச் சமையல் எதுக்கு?"

"வேணும்" என்றார் வில்மா.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பட்டாணி மறுபடி தளதளவென்று கொதித்தது. லெம்கே கதவோரம், தப்பிக்க வசதியான இடத்தில் நின்றார். எக்கார்ட் பெஞ்சிலேயே இருந்தான். தெக்லா, ஐம்பத்தைந்து வயது, கறுப்புக் கோட்டு, எர்னாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, "கவலைப்படாதே கண்ணு, நான் இருக்கேன்ல" என்றாள். சரியாகப் பன்னிரண்டுக்கு விளக்கு அணைந்தது. எர்னா பானையைப் பெட்டிக்குள் இறக்கி மூடினாள்.

"ஒரு யோசனை தோணுது" என்றார் வில்மா. "கடிதம் திருடே போகலியோ என்னமோ. வைக்கோலோட வைக்கோலா எங்கயாவது சிக்கியிருக்கும். கண்டக்டரே, எல்லாத்தையும் வெளியில அள்ளிப் போடுங்க."

அவரே பானையைத் தூக்கி, கண்ணாடி போய் அட்டை ஒட்டியிருந்த ஜன்னலின் மேடையில் வைத்தார். பனிக்காற்று அட்டையின் இடுக்கில் விசிலடித்தது. கால்வைட் மண்டியிட்டு வைக்கோலை உருவினார். லெம்கேயின் கண் வைக்கோலிலேயே இருந்தது. எக்கார்ட் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஐயோ, ஆறிடும்" என்றாள் தெக்லா.

யாரும் அசையவில்லை. தெக்லா கோட்டு நுனியால் பானையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று படுக்கையறைக்குள் போனாள். சுவரோரப் போர்வையைத் தூக்கி, பானையை உள்ளே வைத்து, நான்கு பக்கமும் அழுத்திச் செருகினாள். பிறகுதான் அறை அமைதியாகிவிட்டது அவளுக்கு உறைத்தது. அவள் திரும்பியபோது வாசலில் வில்மா நின்றிருந்தார்.

"நேத்தும் அங்கயேதான் வச்சீங்க" என்றார் வில்மா. குரலில் வெற்றிக் களிப்பு எதுவும் இல்லை. "கறை இன்னும் இருக்கு, பாருங்க."

"மேடம், எனக்கு ஒண்ணும் புரியல" என்றார் கால்வைட், தலைமயிரில் வைக்கோலோடு.

"பட்டாணிதான் சொல்லுச்சு கண்டக்டரே. எக்கார்ட் வந்தது மூணு மணிக்கு. அதுக்கப்புறம் யாராவது பெட்டியைத் திறந்திருந்தா, பட்டாணி ஆறியிருக்கும், ஆனா வெந்திருக்கும். மூணு மணி நேரம் உள்ள இருந்ததில்லையா? இது கல்லா இருந்தது. அப்படின்னா பானையை இறக்கின கொஞ்ச நேரத்துலயே யாரோ வெளியில எடுத்துட்டாங்க. அப்ப எக்கார்ட் ஆஸ்பத்திரி வரிசையில நிக்கறார்."

எர்னா திரும்பி, பெஞ்சில் இருந்த தம்பியைப் பார்த்தாள்.

"மிச்சம் ரெண்டு பேரு, ரெண்டு பேர்கிட்டயும் சாவி இருக்கு. லெம்கேயா இருந்தா பானையைத் தரையில வச்சுட்டு வைக்கோலைக் கிளறியிருப்பார். ஆனா இந்தத் திருடருக்கு அடுத்தவங்க சாப்பாடு ஆறிப்போறது பொறுக்கல. கரண்ட் போயாச்சு, மறுபடி கொதிக்க வைக்க வழியில்ல. அதனால படுக்கையில பொத்தி வச்சுட்டுத் தேடியிருக்காங்க. இத்தனை வருஷம் வயித்தைக் கட்டி அடுப்பு மூட்டின கை அது. மூளை சொல்றதுக்கு முன்னாடி கை செஞ்சுடும். ரொட்டி வரிசையில எத்தனை மணிக்கு நின்னீங்க தெக்லா?"

விமானம் போகும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள்.

"ஒரு மணிக்கு மேலதான்" என்றாள் தெக்லா. கோட்டின் உள்பக்கத் தையலைப் பிரித்து, நான்காக மடித்த காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "எரிச்சிருப்பேன். பகல்ல என் புகைபோக்கியில புகை வந்தா, விறகு ஏதுன்னு கேட்டு இந்த லெம்கே மேல ஏறி வந்துடுவாரு. கிழிக்கலாம்னு பார்த்தேன், முடியல."

லெம்கே முதல் முறையாக நேராக நின்றார். வேறு எதற்கோ பயந்துகொண்டிருந்த மனிதர். அதைக் கேட்க இன்று யாருக்கும் நேரம் இல்லை.

"ஏன்க்கா?" என்றாள் எர்னா.

"என் டீட்டர் ஸ்டாலின்கிராட்ல போன சேதி வந்து பத்து நாளு. உன் வீட்டுக்காரர் மாடிப்படில நின்னு சொன்னாரு, அந்தப் பசங்க அத்தனை பேரும் வீணாத்தான் செத்தாங்கன்னு. அவரு சொன்னது நிஜம்னு எனக்கும் தெரியும். அதனாலதான் தாங்கல. கூப்பிட்டு ரெண்டு அதட்டு அதட்டி விட்டுடுவாங்கன்னு நினைச்சு எழுதினேன். அப்புறம் ஒவ்வொரு நாளும் உனக்குக் கஞ்சி கொண்டு வந்தேன்."

"ஆமா, கொண்டு வந்தீங்க" என்றாள் எர்னா. "நானும் குடிச்சேன்."

கையை நீட்டினாள். "சாவியைக் கொடுங்க."

தெக்லா கழுத்துக் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்க்க வெகுநேரம் ஆயிற்று. யாரும் உதவவில்லை. அதை வாங்கிக்கொண்ட எர்னா, "நாளைக்குப் பத்து மணிக்குக் குழு உக்காரும். நீங்களே வந்து, உங்க வாயாலயே சொல்லணும்" என்றாள்.

"வரேன்" என்றாள் தெக்லா. வெளியே போகும்போது, "பானையை எடுத்துடு, போர்வை வீணாப் போயிடும்" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டுப் போனாள்.

லெம்கேயும் நழுவிவிட்டார். கால்வைட் மறுபடி வைக்கோலைப் பெட்டியில் திணித்தார். அந்த ஒரு வேலையை மிகுந்த கவனத்தோடு செய்தார். எர்னா பானையைக் கொண்டுவந்து இறக்கி, தலையணையை வைத்து அழுத்தினாள். பிறகு பெஞ்சில் தம்பியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"உன்னைத்தான் சந்தேகப்பட்டேன் எக்கார்ட்."

"தெரியும். நேத்து ராத்திரி நீ என் மூஞ்சியையே பார்க்கல."

"மன்னிச்சுடுடா."

எக்கார்ட் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். எர்னா தெக்லாவின் சாவியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கினாள். வந்து இரண்டு மாதம் ஆகியும் அவனுக்கென்று ஒரு சாவி இல்லாமல்தான் இருந்தது.

வில்மா கையுறைகளை மாட்டிக்கொண்டு கிளம்பினார். "அஞ்சு மணிக்கு முன்னாடி யாரும் அந்த மூடியைத் திறக்கக் கூடாது" என்றார்.

"நான் பக்கத்துலயே உக்காந்துக்கறேன்" என்றான் எக்கார்ட்.