மெய்க்காவல்

தூத்துக்குடிக் கடல்மேடை நகரில் பல் தேய்க்கும் முன்பே எல்லோரும் காப்புமானியில் விரல் வைப்பார்கள். பச்சை எரிந்தால் உள்ளே மெய்க்காவல் நலம். இரத்தத்தில் ஓடும் அந்தச் செயற்கை எதிர்ப்பணுக்கள் வந்தபின் தொற்றுநோயும் இல்லை, உடல் தன்னையே தாக்கும் வியாதிகளும் இல்லை.

கருவுற்றால் மட்டும் அதை எடுத்துவிட வேண்டும். தந்தையின் கூறுகளையும் சுமக்கும் கருவை அது அயல் என்று கொன்றுவிடும். குழந்தை பிறந்த மறு வாரமே பெண்கள் திரும்ப ஏற்றிக்கொள்வார்கள்.

கடலடிக் குழாய்களுக்கு வெல்டிங் செய்யும் பிலோமினா மட்டும் மகள் பிறந்தபின் ஊசிக்குப் பயந்து ஐந்து வருடம் தள்ளிப்போட்டாள். இப்போது அவளுடைய சொந்த எதிர்ப்பணுக்களே அவள் விரல் மூட்டுகளை அரித்துக்கொண்டிருந்தன.

"வெல்டிங் கம்பியப் பிடிக்க முடியல டாக்டரம்மா. இன்னைக்கே ஏத்திவிடுங்க."

டாக்டர் மங்கையர்க்கரசி அவளை ஊடுநோக்கியில் படுக்க வைத்தார். திரையைப் பார்த்தவர் படத்தைப் பெரிதாக்கினார்.

"பிலோமினா, உங்க உடம்புல இன்னொருத்தர் இருக்காங்க."

"ஐயோ, திரும்பவும் முழுகாம இருக்கேனா?"

"இல்ல. உங்க மகளோட அணுக்கள். வயித்துல இருந்தப்ப உங்க ரத்தத்துல கலந்தது. ஈரல்ல கொஞ்சம் இருக்கு. இதோ பாருங்க, இதயத்துல உங்க தசையோட தசையா சேர்ந்து துடிக்குது."

டாக்டருக்கு வியப்பு அடங்கவில்லை. சொந்த மூட்டுகளையே எதிரி என்று கடிக்கிற படை, பாதி அயலான இந்த அணுக்களை ஐந்து வருடமாகத் தொடவில்லை. எந்த ஆய்வகமும் அதற்கு இதைச் சொல்லிக்கொடுத்ததில்லை.

"மெய்க்காவல் ஏத்தினா இதெல்லாம் என்னாகும்?"

"ஒரு வாரத்துல அழிச்சிடும்."

பிலோமினா வீங்கிய விரல்களைப் பார்த்தாள். "அப்ப வேண்டாம். கரையில வேற வேலை பாத்துக்கிடுதேன்."

"பொறுங்க. மகளைக் கூட்டிட்டு வாங்க. அவளும் நீங்கதான்னு காவலுக்குக் கத்துக்கொடுக்க முடியுதான்னு பாக்குறேன்."

சில மாதங்கள் ஆயின. சோதனைத் தட்டில், புதிதாகப் பழக்கிய மெய்க்காவலின் முதல் இரண்டு படைகளும் மகளின் அணுக்களைக் கிழித்துப் போட்டன. மூன்றாவது படை அவற்றை உரசிப் பார்த்துவிட்டு விலகிப் போனது. அதையே ஏற்றினார்கள். பிலோமினாவின் வீக்கம் வடிந்தது. மகளின் அணுக்களும் பிழைத்திருந்தன. பிலோமினா விரல்களை மடக்கி விரித்துக்கொண்டே படகேறிப் போனாள்.

அன்று மாலை மங்கையர்க்கரசி தானே ஊடுநோக்கியில் படுத்தார். இரண்டு ஆண்பிள்ளைகளைப் பெற்றவர். இரண்டு முறையும் தாமதிக்காமல் மெய்க்காவல் ஏற்றிக்கொண்டவர். கருவி ஈரலில் தேடியது, இதயத்தில் தேடியது, மூளை வரை போய்த் தேடியது.

திரை முழுக்க அவர் மட்டுமே இருந்தார்.