பச்சை ஓட்டம்

பதினொரு மணிக்குச் சங்கு ஊதியதும் மாநிலம் அடங்கிவிடும். கடைகள் ஷட்டரை இறக்கும். பஸ்கள் நிழல் கண்ட இடத்தில் ஒதுங்கும். வீட்டில் ஏசி இல்லாதவர்கள் குடையும் தண்ணீர் பாட்டிலுமாகத் தங்கள் பகுதிக் குளிர்கூடத்துக்கு ஓடுவார்கள். மாலை நான்கு மணிக்கு மறுபடி சங்கு ஊதும்வரை வெயிலில் நிற்பது சட்டப்படி குற்றம், உடம்புப்படி தற்கொலை. இதற்கு அடங்குநேரம் என்று பெயர். பங்குனி தொடங்கி ஐப்பசி வரை எங்கள் வாழ்க்கை இதுதான்.

நான் ஆதிரை. குளிர்கூட ஆணையத்தின் தரவு மையத்தில் பகல்நேரப் பொறியாளர். வெளியே ஊரே வறுபட்டாலும் எங்கள் அறையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் உட்கார வேண்டும், ஏனென்றால் சர்வர்களுக்குச் சூடு ஆகாது. சுவரை அடைத்து நிற்கும் பலகையைப் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. பழைய ஆட்கள் அதை டேஷ்போர்டு என்பார்கள். ஒவ்வொரு கூடத்துக்கும் ஒரு விளக்கு. பச்சை என்றால் நலம், சிவப்பு என்றால் யாராவது மேலிடத்துக்கு விளக்கம் எழுத வேண்டும். இந்த அலுவலகத்தில் சிவப்பைக் கண்டு பதறுகிறவர்கள் நிறையப் பேர். சிவப்பின் காரணத்தைக் கண்டு பதறியவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

கூடங்களில் ஊழியர் கிடையாது. ஆள் இருந்தால் லஞ்சம் வரும் என்று ஆளையே எடுத்துவிட்டோம். முகம்தான் சீட்டு. கதவு முகத்தைப் பார்க்கும், பலகையைக் கேட்கும், உள்ளே விடும். ஒருவருக்கு ஒரு நாளில் ஒரு நுழைவுதான், ஏனென்றால் இடம்பிடித்து விற்கிற கூட்டம் ஒன்று முன்பு இருந்தது. நான்கு மணிக்குப் பின்கதவு திறக்கும். அங்கே மறுபடி முகம் காட்டி, கண் சிமிட்டினால்தான் வெளியேறியதாகப் பதிவாகும். செத்த முகத்தையும் புகைப்படத்தையும் காட்டி ஏமாற்ற முடியாதபடி செய்த ஏற்பாடு அது. உயிர்முகம் என்று பெயர் வைத்து அதற்கு விருதும் வாங்கினோம்.

பலகைச் சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். கதவு திறக்கவில்லை என்று சனங்களும், திறந்தது என்று ஆணையமும் கோர்ட்டில் வருஷக்கணக்காக இழுத்துக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. அலுத்துப்போன அரசு ஒரே வரியில் தீர்த்துவைத்தது: பலகையில் பதிவானதே நடந்தது. சாட்சியோ படமோ டாக்டர் சொல்வதோ பலகைக்கு எதிரே செல்லாது. வழக்குகள் மறுநாளே நின்றன. ஆணையத்தில் லட்டு கொடுத்தார்கள், நானும் தின்றேன்.

ஆண்டுதோறும் தகவல் தொழில்நுட்ப முன்னுரிமைகள் என்று ஓர் அறிவிப்பு வரும். கூடக் கதவுகளை அவசரத்துக்குக் கையால் திறக்க ஒரு சாவி வேண்டும் என்று நான் ஒவ்வொரு ஆண்டும் எழுதுவேன். ஒவ்வொரு ஆண்டும் அது கடைசியில் கிடக்கும், அல்லது பக்கம் போதாமல் விழுந்துவிடும். இந்த ஆண்டு முதலிடம் ‘ஒருங்கிணைந்த பலகை’க்கு. அதாவது சுவரில் தெரிவது, கதவு கேட்பது, சட்டப்படி பதிவாவது மூன்றும் இனி ஒன்றே. இரண்டாமிடம் உயர்நிலை வருகையாளர் அனுபவத்துக்கு. புரியும்படி சொன்னால், அமைச்சர் வந்தால் அவர் கண்ணுக்கு எல்லாம் பச்சையாகத் தெரிய வேண்டும்.

அதற்கு எங்களிடம் பழைய வழக்கம் ஒன்று உண்டு. யாராவது பெரிய மனிதர் வந்தால், காட்டப்போகும் கூடத்தின் நல்ல நாள் ஒன்றின் பதிவை எடுத்துப் பலகையில் ஓடவிடுவோம். வருகிறவர் அதை இப்போது நடப்பதாக நினைத்துத் தலையாட்டிவிட்டுப் போவார். இதற்குப் பச்சை ஓட்டம் என்று பெயர். எத்தனையோ அமைச்சர்கள் இப்படிப் பார்த்துப் பூரித்திருக்கிறார்கள். அப்போதெல்லாம் ஓட்டம் சுவரோடு நின்றது. புதுப் பலகையில் சுவரும் கதவும் ஒன்று என்பது எங்களில் ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை. பழைய பித்தலாட்டத்தைப் புது இயந்திரத்தில் அப்படியே செய்தோம்.

அன்று அமைச்சருக்குக் காட்ட எடுத்தது செங்கரடு கூடம். முந்தைய நாள் அங்கே ஒரு குறையும் இல்லாத நாள். சங்கு ஊதுவதற்குச் சற்று முன் நானும் இயக்குநர் ரித்திக்கும் விரலொப்பு வைத்தோம். ஓட்டத்தைத் தொடங்கவும் நிறுத்தவும் இரண்டு பேரின் விரல்ரேகை வேண்டும் என்பது விதி. நேற்று நுழைந்தவர்கள் எல்லாரும் இன்றும் நுழைந்ததாகப் பலகையில் வரிசையாகப் பச்சைப்புள்ளிகள் விழுந்தன. அமைச்சர் “பிரமாதம்” என்றார். செயலர் தன்விகா, பூச்செண்டோடு நின்றவர், அமைச்சரைவிட அதிகமாகச் சிரித்தார்.

அப்போது என் மேசையில் உதவி அழைப்பு வந்தது. செங்கரடு கூடத்துக்குள் சுவரில் இருக்கும் போன்.

“மேடம், நான் கனிஷ்கா பேசறேன். நான் உள்ள கீறேன், எங்க வூட்டுக்காரரு வெளிய கீறாரு. கதவு அவர வுட மாட்டேங்குது.”

“என்ன சொல்லுதும்மா கதவு?”

“நீங்க ஏற்கெனவே உள்ள இருக்கீங்கன்னு சொல்லுது மேடம். அவரோட இன்னும் நாலஞ்சு பேர் நிக்கறாங்க, அவங்களுக்கும் அதேதான். எனக்கு மட்டும் தொறந்துச்சு. நான் நேத்து தங்கச்சி வூட்டுக்குப் போயிருந்தேன்.”

நேற்று வராதவளுக்குத் திறந்திருக்கிறது, நேற்று வந்தவர்களுக்குத் திறக்கவில்லை. எனக்கு அந்த நொடியில் விளங்கிவிட்டது. நேற்றைய புள்ளிகளை அமைச்சருக்காக நாங்கள்தான் ஓடவிட்டோம், கதவு அதை நம்பிவிட்டது. முன்கதவை உள்ளேயிருந்து திறக்க வழியில்லை, பின்கதவு நான்கு மணிவரை திறக்காது.

“உங்க வீட்டுக்காரர் பேரு என்ன?”

“கவின். கூரைக்கு வெள்ளப்பூச்சு அடிக்கறாரு. காலையிலேர்ந்து மாடியிலதான் வேலை. ஏற்கெனவே தலை சுத்துதுன்னாரு மேடம்.”

நான் எழுந்து ரித்திக்கிடம் போனேன். அவர் அமைச்சரின் பக்கத்தில் டீ கோப்பையோடு நின்றார். காதோரம் விஷயத்தைச் சொன்னேன். ஓட்டத்தை இப்போதே நிறுத்த வேண்டும், விரல் வையுங்கள் என்றேன்.

அவர் புன்னகை மாறாமல் பேசினார். “இப்ப நிறுத்தினா போர்டு என்ன காட்டும் ஆதிரை?”

“சிவப்பு காட்டும் சார்.”

“அப்புறம்? அவர் டீ குடிச்சு முடிக்கட்டும்.”

“வெளியே ஆள் நிக்கறாங்க சார். ஒருத்தருக்கு உடம்பு முடியல.”

“புகார் போடச் சொல்லுங்க. சிஸ்டம்ல வரட்டும், முன்னுரிமை குடுத்துப் பார்ப்போம்.” பிறகு அமைச்சர் பக்கம் திரும்பி, பிஸ்கட் தட்டை நீட்டினார். அந்தத் தட்டை அவர் நீட்டிய பவ்யம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

மேசைக்குத் திரும்பியபோது அழைப்பு என் கையில் இல்லை. காத்திருப்பு நீண்டதால் இயந்திரத்தின் பதில்குரல் அதை எடுத்துக்கொண்டிருந்தது. நான் கேட்கத்தான் முடிந்தது. உங்கள் புகார் முதல் முன்னுரிமையில் ஏற்கப்பட்டது, புகாரில் உள்ளவர் இடத்தை விட்டு நகர்ந்தால் புகார் முடிக்கப்படும் என்று அது தேன் குரலில் சொன்னது. கனிஷ்கா அதைக் கதவுக்கு வெளியே கேட்கும்படி கத்தினாள்.

“இங்கியே இரு கவினு, எங்கியும் போவாத. மொதல் முன்னுரிமைன்றாங்க.”

மற்றவர்கள் புகார் போடவில்லை. அவர்கள் நடந்துபோய் ஒரு பாலத்தடியில் படுத்துக்கொண்டு பிழைத்தார்கள். அரசாங்கம் சொன்னதைக் கேட்டு நின்றவர் கவின் ஒருவர்தான்.

நான் மறுபடி போனேன். இந்த முறை அமைச்சர் காதில் விழும்படியே சொன்னேன். அவர் ரித்திக்கைப் பார்த்தார், ரித்திக் பலகையைக் காட்டினார். “எல்லாரும் உள்ளதான் இருக்காங்க சார், பாருங்க. கவின், இதோ பச்சை.” அமைச்சர் பார்த்தார், நிம்மதியானார். தன்விகா மேடம் என் கையைப் பிடித்து அழைத்துப் போய் நாற்காலியில் உட்காரவைத்தார், எனக்கு ஏதோ மயக்கம் வந்ததுபோல.

அவர்கள் கிளம்பிய பிறகுதான் ரித்திக் விரல் வைத்தார். கதவு அப்போதும் திறக்கவில்லை. ஓட்டம் நின்றாலும் நேற்றைய நுழைவுகள் இன்றைய பதிவாகிவிட்டிருந்தன. ஒருமுறை நுழைந்தவர் அன்று மறுபடி நுழைய முடியாது. நான்கு மணிக்குப் பின்கதவு திறந்ததும் கனிஷ்கா கூடத்தைச் சுற்றிக்கொண்டு ஓடியிருக்கிறாள். கவின் முன்கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாலத்தடியிலிருந்து வந்தவர்கள் பின்கதவில் கண் சிமிட்டிக் கணக்கை நேராக்கிக்கொண்டார்கள். கவினால் சிமிட்ட முடியவில்லை.

ஆகவே சட்டப்படி கவின் உள்ளே இருக்கிறார். உள்ளே இருக்கிறவருக்கு யாரும் இறப்புச் சான்றிதழ் தர முடியாது. கனிஷ்கா அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று அவள் போனுக்கு எங்கள் செய்தி போயிருக்கிறது: ‘உங்கள் குடும்பத்தினர் கவின் குளிர்கூடத்தில் நலமாக இருக்கிறார்.’ அது தினமும் போயிற்று.

அவள் என் அலுவலகத்துக்கு வந்துகொண்டே இருந்தாள். சான்றிதழ் இல்லாமல் வீட்டை அவள் பேருக்கு மாற்ற முடியவில்லை, பள்ளியில் மகளுக்குக் கையெழுத்துப் போட அப்பா வரவேண்டும் என்றார்கள். ஒவ்வொரு முறையும் நான் அவளை ரித்திக்கிடம் அழைத்துப் போவேன். அவர் எழுந்து நின்று வரவேற்பார், தண்ணீர் கொடுப்பார், வருத்தப்படுவார்.

“பதிவை மாத்தணும்னா ஓட்டம் விட்டோம்னு ஒத்துக்கணும் ஆதிரை,” என்றார் அவள் போன பிறகு. “ஒத்துக்கிட்டா இதுவரைக்கும் விட்ட ஓட்டம் எல்லாம் வெளிய வரும். அப்புறம் பலகைக்கே மதிப்பு இருக்காது. ஒரு குடும்பத்துக்காக அதெல்லாம் இப்ப முன்னுரிமை இல்ல.”

ஐப்பசி முடிந்தது. கூடங்களை மூடி, குளிர்இயந்திரங்களைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டிய பருவம். செங்கரடு இயந்திரம் மட்டும் நிற்கவில்லை. உள்ளே ஓர் ஆள் இருக்கும்வரை அது நிற்காது. காலிக் கூடத்தில், செத்துப்போன ஒருவருக்காக அது இரவும் பகலும் குளிரைக் கக்கிக்கொண்டிருந்தது. பராமரிப்புக் கம்பெனிக்காரர் செயலருக்குப் போன் போட்டார். கனிஷ்கா அத்தனை மாதம் நடந்து அசைக்க முடியாததை அவர் ஒரே போனில் அசைத்தார். அன்று மத்தியானமே ரித்திக் என் மேசைக்கு வந்தார்.

“வெளியேற்றம் ஒண்ணு போட்டுடலாம். அந்த நாள் தேதியிலயே. தன் விருப்பப்படி கூடத்தை விட்டு வெளியேறினார்னு. அந்தம்மாவுக்கும் சான்றிதழ் கிடைக்கும், மெஷினும் நிக்கும். விரல் வைங்க.”

“அவர் உள்ளேயே போகல சார். போகாதவர் எப்படி தன் விருப்பப்படி வெளிய வருவார்?”

“போனதா இருக்கே.”

“வைக்க மாட்டேன் சார்.”

அவர் கோபப்படவில்லை. “சரி, பார்த்துக்கலாம்,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எதிர்த்து நின்றுவிட்டோம் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்த வாரமே செங்கரடு இயந்திரம் நின்றுவிட்டது. ஏதோ வழி கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். என்ன வழி என்று நான் கேட்கவில்லை.

கனிஷ்கா கடைசியாக வந்தபோது கையில் சான்றிதழ் இருந்தது. மடிக்காமல், பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். எனக்கு எதிரே உட்கார்ந்து அதை என் பக்கம் தள்ளினாள்.

“படிச்சு சொல்லுங்க மேடம். நான் படிச்சது சரியான்னு பாக்கணும்.”

படித்தேன். அடங்குநேரத்தில் எச்சரிக்கையை மீறி, தன் விருப்பப்படி குளிர்கூடத்தை விட்டு வெளியேறியதால் மரணம் என்று இருந்தது. ஆணையத்துக்குப் பொறுப்பில்லை என்றும் இருந்தது.

“எங்கியும் சொல்லாம போவமாட்டாரு அவரு,” என்றாள் அவள். “நான் இருன்னேன், அங்கியே இருந்தாரு. என் பேச்ச மீறுனவருன்னு எழுதிக் கீது. எம்பொண்ணு பெரியவளாயி இதத்தானே படிப்பா?”

அவள் விரல் தாளின் அடிப்பகுதிக்கு நகர்ந்தது. ஒப்புதல் அளித்தோர் என்ற இடத்தில் இரண்டு பெயர்கள், இரண்டு விரல்ரேகைகள். ஒன்று ரித்திக். இன்னொன்று நான். முன்பொரு நாள் வேறு எதற்கோ நான் வைத்த விரலை எடுத்து ஓடவிட்டிருக்கிறார்கள்.

“இது நீங்கதான மேடம்?”

“நான் வைக்கலம்மா. சத்தியமா வைக்கல. முடியாதுன்னு சொன்னேன்.”

கனிஷ்கா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தாளைப் பிளாஸ்டிக் உறையில் கவனமாகப் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

“பலகையில கீதே மேடம்,” என்றாள்.