பவளக்காலியின் கூரை

“எழுந்திரிய்யா! யாரைக் கேட்டு எங்க வயல்ல படுத்திருக்கே?”

வாய்க்காலில் கழியை ஊன்றி ஒரே தாவல்... அக்கரையில் அவன் எதிரே நின்றாள் சீட்ஸ்கே. நெதர்லாந்தில், வயலுக்கு வயல் வாய்க்கால் ஓடும் பிரீஸ்லாந்தில் பிறந்தவளுக்கு வாய்க்கால் ஒரு தடையா?

புல்லில் குப்புறப் படுத்திருந்தவன் கேமராவிலிருந்து கண்ணை எடுத்தான். மழைக்கு முந்திய வானத்தின் சாம்பல் நிறக் கண்கள். அவை அழகாக இருந்தது அவள் கோபத்தை இன்னும் கிளறியது.

“மெதுவா பேசுங்க... இப்பதான் குஞ்சு பொரிச்சிருக்கு. நான் யோரித், லேவார்டன் டவுன்லேர்ந்து...”

அவள் கூட்டைப் பார்த்தாள். இந்த ஒரு கூட்டுக்காகத்தான் புல்வயலை அறுக்கவிடாமல் அப்பாவோடு தினமும் சண்டை. சிவந்த கால்கொண்ட பவளக்காலிப் பறவை புல் நுனிகளை வளைத்துத் தன் கூட்டுக்குக் கூரை போட்டிருந்தது. அதைப் பிரித்து இருபுறமும் நூலால் கட்டியிருந்தான் இவன்! உள்ளே ஈரம் காயாத நாலு குஞ்சுகள், வெட்டவெளியில்.

“படம் தெளிவா விழணும்னு...”

“காக்காவுக்கும் தெளிவா தெரியுதே! கம்பத்துல உக்காந்திருக்கு பாரு.”

திரும்பிப் பார்த்தவனின் முகம் வெளுத்தது. உடனே நூலை அறுத்தான். புல்லை இழை இழையாய் மறுபடி கூட்டின்மேல் வளைத்துவிட்டான். இருவரும் விலகிப்போய்க் காக்கையை விரட்டிவிட்டுக் கம்பத்தடியில் காவல் நின்றார்கள். தூறல் தொடங்கியது. தாய்ப்பறவை தயங்கித் தயங்கி வந்து கூட்டில் அடங்கும்வரை அவள் திட்டி ஓயவில்லை.

“படமெல்லாம் அழிச்சிட்டேங்க. இப்படி எடுத்தது எனக்கு வேண்டாம்.”

“அழிச்சியா? அட முட்டாளே! முட்டை பொரிக்காது, புல்லு முத்திப்போச்சு, நாளைக்கே அறுக்கறேன்னு நிக்கறாரு அப்பா. உயிரோட நாலு குஞ்சு இருக்குன்னு காட்ட அந்தப் படம்தானே இருந்துச்சு!”

“மறுபடி எடுத்துட்டு வரட்டா?”

“கிட்டப் போனா காலை ஒடிப்பேன். இப்பதான் தாய் உக்காந்திருக்கு.”

“அப்போ... காலையில?”

“டிராக்டருக்கு முன்னாடி நிப்பேன்.”

“நானும் நிக்கறேன்.”

“குஞ்சுக்காகவா?”

“பாதி அதுக்கு...”

“மீதி?”

மழைத்துளி அவன் இமையில் நின்று சொட்டியது. “என்னை யாரும் இப்படித் திட்டினதில்ல. தினமும் கேக்கணும்போல இருக்கு...”

அவள் முகம் சூடேறியது. கோபம்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். நம்பத்தான் முடியவில்லை.

“விடியறதுக்குள்ள வந்துடு. வரலேன்னா...” மிரட்டத்தான் ஆரம்பித்தாள். குரல் தழைந்துவிட்டது. “வரலேன்னா என்னால தாங்க முடியாது.”