தெங் அண்ணனின் சிவப்புப் பெயர்

மார்ச் 11, செவ்வாய்.

இன்று தூரிகை எழுத்து வகுப்பில் ஒரு சிறு தவறு செய்தேன். பயிற்சித் தாள் என்று நினைத்து வேறொருவருடைய தாளில் எழுதிவிட்டேன்.

எங்கள் பயிற்சித் தாள்களில் எழுத்துகள் சிவப்பில் அச்சாகியிருக்கும். அவற்றின் மேலேயே தூரிகையால் கறுப்பு மையில் எழுதிப் பழக வேண்டும். மேசையில் கிடந்த தாளிலும் மூன்று எழுத்துகள் சிவப்பாக இருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் இன்னொரு பெயர் ஏற்கெனவே கறுப்பில் இருந்ததை நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. கை நடுங்காமல், சிவப்பு ஓர் இழைகூட வெளியே தெரியாமல் மூடினேன். படிக்கவென்று தைவானின் தைனான் நகருக்கு வந்ததிலிருந்து நான் எழுதியவற்றில் மிக நல்ல எழுத்துகள் அவைதான்.

அது தெங் அண்ணனின் தாள். பக்கத்து இருக்கைக்காரர், பேருந்து ஓட்டுநர். மனைவியின் கல்லறைக் கல்லுக்குத் தன் கையாலேயே எழுதிக் கொடுக்க வேண்டும் என்றுதான் வகுப்பில் சேர்ந்தார். மனைவியின் பெயர் கறுப்பு. பக்கத்தில் அவருடைய பெயர், உயிரோடு இருப்பதால், இந்த ஊர் வழக்கப்படி சிவப்பு. அவர் போன பிறகு யாராவது அதைக் கறுப்பாக்குவார்கள்.

நான் ஆக்கிவிட்டேன்.

"என்ன பொண்ணு, என்னை இவ்ளோ அவசரமா அனுப்பிவெச்சுட்ட? உங்க கொரியாவுல கொஞ்சம் டைம் குடுப்பாங்கன்னு நெனச்சேன்."

எல்லோரும் சிரித்தார்கள். ஃபாங் டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை.

"விடுங்க டீச்சர்," என்றார் அவர். "என் பொண்டாட்டிக்கும் தனியா இருந்தா ஆகாது. வீடு நெறைய ஆள் வேணும் அவளுக்கு."

வேறு எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தாளை வாங்கி வந்தேன்.

மார்ச் 13, வியாழன்.

தெங் அண்ணன் செவ்வாய் இரவே தூக்கத்தில் போய்விட்டாராம். ரத்தக் கொதிப்பு, ஓய்வில்லாத வேலை என்று மற்றவர்கள் காரணம் பேசிக்கொண்டார்கள். டீச்சர் என் பக்கம் பார்க்கவே இல்லை.

மழைக்காக ஜன்னல்களை மூடியிருந்தோம். எல்லோரும் தலைகுனிந்து எழுதிக்கொண்டிருந்தபோது, காலியாக இருந்த பக்கத்து இருக்கையிலிருந்து, மைக்கட்டியைக் கல்லில் உரைக்கும் சத்தம், ஈரத் துணி தரையில் இழுபடுவதைப் போல, நிற்காமலும் அவசரப்படாமலும் வந்துகொண்டிருந்தது. அதன் கூடவே, உரைத்த மையிலிருந்து மட்டும் எழும் அந்தக் கற்பூர வாசனையும். நாங்கள் எல்லோரும் புட்டி மை ஊற்றுகிறவர்கள். கட்டியை உரைப்பவர் அவர் ஒருவர்தான்.

நான் திரும்பவில்லை. திரும்பியிருக்க வேண்டுமோ என்னவோ.

கிளம்பும்போதுதான் பார்த்தேன். அவருடைய மைக்கல்லில் புது மை விளிம்புவரை நின்றது. யார் உரைத்தது என்று டீச்சர் கேட்டார். ஒவ்வொருவரும் தங்கள் மைப் புட்டியைத் தூக்கிக் காட்டினார்கள். டீச்சர் திருத்தப் பயன்படுத்தும் சிவப்பு மையில் ஒரு புட்டியைத் தர முடியுமா என்று கேட்டேன். எதற்கென்று கேட்காமல் கொடுத்தார்.

மார்ச் 15, சனி.

மாலையில் தெங் அண்ணன் பெயரின் மேல் சிவப்பைப் பூசினேன். கறுப்பு அதைக் குடித்துவிட்டது. காய விட்டு மறுபடி பூசினேன். மறுபடியும். புட்டி காலி. பெயர் முன்பைவிடக் கறுப்பாக மின்னியது.

எரித்துவிடலாம் என்று தீப்பெட்டியை எடுத்தேன். இந்த ஊரில் காகிதத்தை எரிப்பதே இறந்தவர்கள் கையில் கொண்டு சேர்ப்பதற்குத்தான். கீழே வைத்துவிட்டேன்.

இருட்டத் தொடங்கியபோது, பக்கத்து அறை யாச்சி கதவைத் தட்டினாள்.

"சூஹே, எவ்ளோ நேரமாடி உரைப்ப? கூடம் பூரா கற்பூர வாசனை."

என் இரண்டு கைகளும் மடியில் இருந்தன.

"நான் உரைக்கலை," என்றேன்.

"அப்ப வந்திருக்கிறவரை நிறுத்தச் சொல்லு. எனக்குப் பரீட்சை இருக்கு. அவர்கூட வந்த அந்தம்மா வேற சிரிச்சுக்கிட்டே இருக்காங்க."

அவள் செருப்புச் சத்தம் தேய்ந்து போனது. அறையில் நான் ஒருத்திதான். விளக்கைப் போட்டேன். மேசையில் தாள். இரண்டு கறுப்புப் பெயர்கள். அவற்றுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒன்று. ஈரச் சிவப்பு. ஒவ்வொரு கோட்டின் தொடக்கத்திலும் தூரிகையை அழுத்தி ஊன்றியிருந்தது. இப்படி அழுத்தாதீர்கள் என்று டீச்சர் தெங் அண்ணனிடம்தான் சொல்லிக்கொண்டே இருப்பார்.

என் பெயர்.

முதல் எழுத்தின் நுனி கறுத்திருந்தது. காய்வதால் என்று நினைத்தேன். விரலை வைத்துப் பார்த்தேன். ஈரம். கற்பூரம்.

இதை எழுதும்போது முதல் எழுத்து முடிந்துவிட்டது. இரண்டாவது எழுத்தில் மேல் கோடு கறுக்கிறது. சத்தம் என் தோளுக்குப் பின்னால். திரும்பவில்லை.

நாளை: கடை திறந்ததும் சிவப்பு மை வாங்க வேண்டும். இருப்பதெல்லாம்.