அங்கிக்குள் மறைந்த முத்திரை

கான் ஆற்றின் மேல் முழுநிலா எழும்பி, கரையோர மூங்கில் காட்டையும், தளபதி துவானின் பாசறைக் கூடாரங்களையும், காவல் வீரர்களின் வேல்முனைகளையும் ஒருசேர வெள்ளியாக்கிக்கொண்டிருந்த அந்த அந்திவேளையில், அதை ஏறெடுத்தும் பாராமல் ஒருவர் அங்கே கைதியாக உட்கார்ந்திருந்தார். அவர்தாம் வெண்நாரை மலைத் தாவோ மடத்தின் குரு, வெய் சுவான்சிங்.

துவானின் படை மடத்தைக் கொளுத்தியது முதல், மனைவி சூயினும் அத்தீயில் மாண்டாள் என்று கேட்டது முதல், அவர் நெஞ்சு மரத்துக் கிடந்தது. அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. சோறு வைத்தால் உண்டார், வைக்காவிட்டால் கேட்கவில்லை.

"குருவே! நிலா உச்சிக்கு வருமுன் தங்கள் பரம்பரையை என் மைத்துனருக்கு வழங்கிவிடுங்கள். இல்லையேல், கரையோரம் அந்தப் படகில் கட்டுண்டு கிடக்கும் சீடர்கள் ஆற்றோடு போவார்கள்!" என்றான் துவான்.

அன்பார்ந்த வாசகர்களே, அந்த மைத்துனனுக்கு ஒரு மந்திரமும் உருப்படியாக வராது. அப்பரம்பரையின் தலைவருக்குச் சக்கரவர்த்தி அளிக்கும் மானியமும் மரியாதையும் மட்டும் நன்றாகத் தெரியும்!

"அப்படியே ஆகட்டும்" என்றார் குரு. சீடர்கள்மேல் இரக்கப்பட்டல்ல, எது யாரிடம் போனால் என்ன என்றிருந்தது. அதற்காக வெட்கப்படவும் அவரால் முடியவில்லை.

அந்தப் பரம்பரை ஏட்டில் இல்லை, விரலில் இருந்தது. கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களை முறைப்படி தொடும் முத்திரை அது. அங்கியின் நீண்ட கைக்குள் மறைத்தே இடவேண்டும். வெளியே காட்டுவது மகாபாவம். உதட்டில் இரத்தம் தடவிச் சத்தியம் செய்தோருக்கே அது உரியது. குருவோடு அச்சத்தியம் செய்தவள் சூயின் ஒருத்தியே.

சடங்குக்குச் சாட்சியாகத் தலைநகரிலிருந்து வந்திருந்த அரசத் தூதர், அரும்புமீசை இளைஞர், நீர்க்கிண்ணத்தோடு குருவின் முன் வந்து குனிந்தார். அவருடைய பட்டு அங்கியின் கை சரிந்தது. வெளியே தெரிந்த விரல்களில் கட்டைவிரல் கணுவுக்குக் கணு நகர்ந்தது.

குருவின் விரலில் சுரீரென்றது.

"தளபதியாரே, இச்சடங்கு ஓடும் நீரின்மேல்தான் நடக்கவேண்டும். சீடர்களும் கட்டவிழ்ந்து உடனிருக்கவேண்டும்" என்று, வாழ்நாளில் முதல் பொய்யைச் சற்றும் குரல் நடுங்காமல் சொன்னார்.

தூதர் தம் அதிகாரச் சின்னமான பொற்பட்டயத்தை உயர்த்தினார். "சக்கரவர்த்தியின் ஆணையும் அதுவே! மைத்துனர் ஆற்றில் இறங்கி நீராடட்டும். நான் படகைப் பார்வையிடுகிறேன்."

பொற்பட்டயத்தைக் கண்டபின் துவான் வாய் திறப்பானா? மைத்துனன் கழுத்தளவு நீரில் பல் கிடுகிடுக்க நின்றுகொண்டிருக்கையிலேயே, குருவையும் தூதரையும் கட்டவிழ்ந்த சீடர்களையும் ஏற்றிக்கொண்ட படகு ஆற்றின் வளைவைத் தாண்டி மறைந்தது.

தூதர் மீசையைப் பிய்த்தெறிந்தார்.

"சூயின்!" என்றார் குரு. "நீ... எப்படி?"

"பின்பக்கச் சுனைவழியே தப்பினேன், சுவாமி. உண்மையான தூதர் மயக்க மருந்துண்டு சத்திரத்தில் உறங்குகிறார்."

"முத்திரையை வெளியே காட்டிச் சத்தியத்தை மீறிவிட்டாயே!"

"என்ன செய்வது? மாலையிலிருந்து முகத்தைத்தான் காட்டிக்கொண்டிருந்தேன். தாங்கள் பார்க்கவேயில்லை."

அப்போதுதான் குரு அந்த முகத்தைப் பார்த்தார். ஒரு புருவம் தீயில் கருகியிருந்தது.

"எனக்கு இன்னும் அழுகை வரவில்லை, சூயின்."

அவள் அவருடைய மரத்த விரல்களைத் தன் அங்கிக் கைக்குள் இழுத்துப் பொத்திக்கொண்டாள்.

"வரும்வரை உடனிருப்பேன், சுவாமி. இந்தச் சத்தியத்தை மீறமாட்டேன்."